ஆமை புகுந்த வீட்டின் கஃபீல்

1

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து பிரியாணியில் கை வைத்த நேரத்தில், என் மனைவி ஜெய்த்தூன் தன் கஃபீலை மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவில் யாரும் சொந்தக் காலில் நிற்க முடியாது. நமக்காக ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் விசா கிடைக்கும். அவர்தான் கஃபீல், அதாவது ஸ்பான்சர். வேலைக்காரனுக்குக் கம்பெனி கஃபீல், பெண்டாட்டிக்குப் புருஷன் கஃபீல். ஜெய்த்தூனுக்கு நான். அவளுக்கு மட்டுமா? கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் என் கடை விசாவில் வந்து இறங்கியவர்கள். அப்படிப்பட்டவனிடம்தான் அவள் இதைச் சொன்னாள்.

"கடையைத்தான் கைமாத்தி விட்டாச்சே, உங்க விசா இன்னும் எத்தனை நாளைக்கு? நீங்க ஊருக்குப் போங்க. நான் ரிஸ்வான் விசாவுல இருந்துக்கிறேன்."

ரிஸ்வான் எங்கள் மகன். ஷார்ஜாவில் எங்களோடுதான் இருக்கிறான். விமான நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை, ஷிப்ட் டூட்டி. அன்று அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இது இருவரும் முன்பே பேசிவைத்த பேச்சு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"யாருக்காக இருக்கப் போறே? பையன் பகல்ல தூங்குறான், ராத்திரி டூட்டிக்குப் போறான்" என்றேன்.

கையால் உள் அறையைக் காட்டினாள்.

அந்த அறையில் ஓர் ஆமை, ஒரு செம்மஞ்சள் பாம்பு, தாடி வைத்த ஓணான்கள், நீல நாக்கு அரணை ஒன்று, உடம்பெல்லாம் புள்ளி போட்ட பல்லிகள் ஆகியவை கண்ணாடிப் பெட்டிகளில் வசிக்கின்றன. இன்னொருத்தனுக்காகப் பெண்டாட்டி புருஷனை விட்ட கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஓணானுக்காக விடப்பட்டவன், எனக்குத் தெரிந்து, நான்தான்.

2

எனக்கு எழுத்துப் படிப்பு அதிகம் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அடித்தார், நான் திரும்பிப் போகவில்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல ரிஸ்வான்தான் தட்டித் தருகிறான். நடுவில் அவன் சிரித்தால் என்ன சிரிப்பு என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன்.

ஆனால் ஷார்ஜா ரோலா பக்கம் போய் "குழாய்க்கடை காசிம்" என்று கேட்டுப் பாருங்கள். குழாயின் மரையை விரலால் தடவியே அது அரை இஞ்சா முக்கால் இஞ்சா, இத்தாலியா சைனாவா என்று சொல்வேன். அஜ்மானில் எந்தப் பழைய கட்டடத்தில் குழாயைத் திறந்தாலும் அது என் கையால் விற்ற குழாயாகத்தான் இருக்கும். பி.காம் படித்தவன் எனக்கு டீ வாங்கி வந்திருக்கிறான். அரபிகள் "காசிம், தால்", அதாவது வா, என்று கூப்பிட்டுத் தங்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள்.

வந்த புதிதில் ரூமில் இரட்டைத் தட்டுக் கட்டில்கள். ஏசி ஓடும், குளிரைவிடச் சத்தம்தான் அதிகம். ஏசிக்கு நேர் எதிர்க் கட்டில் கிடைக்க சீனியாரிட்டி வேண்டும். கீழ்த்தட்டில் கிடந்து வியர்த்து, மேலே ஏறி, அந்தக் கட்டிலை நான் அடைந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்று போர்வை வாங்கப் போனேன். குளிருக்குப் போர்வை வாங்குபவன்தான் வளைகுடாவில் பெரிய மனிதன்.

அந்தக் காலமெல்லாம் ஜெய்த்தூன் ஊரில்தான் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. பெட்டி கட்டிப் போவேன், பிள்ளைகள் என்னைப் பழகி முடிப்பதற்குள் திரும்பிவிடுவேன். கடைசி மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் அவளை இங்கே அழைத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கை ஒழுங்காகத் தொடங்கியபோது எனக்கு முழுத்தலையும் நரைத்திருந்தது. போகட்டும், இனியாவது முழுப் பெண்டாட்டியும் எனக்குத்தான் என்று இருந்தேன்.

அப்போதுதான் ரிஸ்வான் ஒரு பல்லியோடு வந்தான்.

3

ஊர் திரும்பிய ஒரு பிலிப்பைன்ஸ் நண்பன் கொடுத்த பல்லி அது. எங்கள் ஊரில் பல்லியைக் கண்டால் ஜெய்த்தூன் முதலில் தேடுவது செருப்பைத்தான். பல்லியை அடித்தால் நன்மை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். இந்தப் பல்லிக்கு இமை இருந்தது. அவளைப் பார்த்து மெதுவாக மூடித் திறந்தது. செருப்பு கீழே விழுந்துவிட்டது.

பிறகு வரிசையாக வந்தன. வளைகுடா என்பது எல்லோரும் ஒருநாள் கிளம்பிப் போகிற இடம். வேலை போனால், விசா முடிந்தால், பிள்ளை படிப்புக்கு என்று கிளம்புவார்கள். கட்டில், சோபாவை விற்பார்கள். பூனையைக்கூட யாராவது கேட்பார்கள். ஓணானை யார் கேட்பார்? "காசிம் வீட்டு ஆன்ட்டி வாங்கிக்குவாங்க" என்று எங்கள் கதவைத் தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாம்பைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு லெபனான் பெண்மணி ஆமையை வாழைப்பழப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையை ஊரில் பழமொழியாகத்தான் கேட்டிருப்பீர்கள். நான் அதற்கு வாடகை கட்டிக் குடியிருக்கிறேன்.

ஆமை வந்த அன்றே நான் சொன்னேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"இது வாடகை வீடு. உருப்படாமப் போனா ஓனருக்குத்தானே கவலை?" என்றாள் ஜெய்த்தூன்.

அவற்றுக்குச் சூடு வேண்டுமாம். எனவே வெயில் விழும் பெரிய அறை அவற்றுக்கு. அங்கே ஏசி கிடையாது, தலைக்கு மேல் சூட்டு விளக்கு. கதவிடுக்கு வழியாகக் குளிர் போய்விடும் என்று ஹாலிலும் ஏசியைக் குறைத்துவிட்டாள். ஆகஸ்ட் மாதத்தில், என் சொந்தச் சம்பாத்தியத்தில், நான் பனியனோடு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஏசிக் கட்டிலுக்கு நான் ஏறிய ஏற்றமெல்லாம் ஒரு ஓணானால் இறங்கிப்போனது. பாம்புக்கு உறைந்த எலிக்குஞ்சு வேண்டும். என் வஞ்சரத்தோடு அது கிடக்கக் கூடாது என்று நான் கத்தியதற்கு, பாம்புக்குத் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கினாள். கடையில் எனக்கே தனி ஃப்ரிட்ஜ் இருந்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்தேன். ஆமைக்கு அவள் வைத்த பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. "முதலாளி" என்று வைத்தாள். ஹாலில் அது நடப்பதைப் பார்த்தால் எல்லாம் தன்னுடையது போல இருக்கிறதாம். ஒற்றை ஆளாக வந்து, மூட்டை தூக்கி, நான் அந்தப் பெயரை வாங்க எத்தனை வருடம் ஆனது! ஆமை ஒரு நடையில் வாங்கிக்கொண்டது. மிருக வைத்தியரிடம் போனால் அங்கே சீட்டில் பெயர் முதலாளி, குடும்பப் பெயர் காசிம் என்று பதிந்திருக்கிறார்கள். எங்கள் வாப்பாவின் வாப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஊரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் வீடியோவில் வருவார்கள். எங்கள் ஊரில் தாத்தாவை அப்பா என்போம். "அப்பா, ஷோ முதலாளி! ஷோ முதலாளி!" என்பார்கள். கீழக்கரையில் இருந்துகொண்டே இங்கிலீஷ். நான் போனைத் திருப்பி ஆமையைக் காட்டுவேன். என் முகம் அதன்பிறகு யாருக்கும் தேவைப்படாது.

அவள் அதைக் குளிப்பாட்டுவதை ஒருநாள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்தாள். கழுத்து மடிப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள்.

"எனக்கு ஒருநாளாவது வெந்நீர் வச்சுக் குடுத்திருக்கியா?" என்றேன்.

"நான் உள்ளே வந்தா இது தலையத் தூக்கிப் பாக்குது. நீங்க போனை விட்டுத் தலையத் தூக்குறீங்களா?"

ரிஸ்வான் உள்ளே இருந்து, "வாப்பா, டோன்ட் டேக் இட் பர்சனலி" என்றான். எனக்கு அது புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

4

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பிரியாணி ஆறிப்போனது, சண்டை ஆறவில்லை.

"பெரிய வீடு கட்டிப் போட்டிருக்கேன். மார்பிள் போட்டு, இங்கேருந்து குழாய் அனுப்பி. அதுல ராணி மாதிரி உக்காராம, ஓணானுக்குக் கீரை நறுக்கிக்கிட்டு..."

"யாரு வீடு?"

"நம்ம வீடு."

"அது சபீனா வீடு" என்றாள் ஜெய்த்தூன். சபீனா எங்கள் இளைய மகள்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களிடம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி ஜெய்த்தூன் வீட்டுக்குப் போனவன்தான். அந்த வீட்டை அவள் மூத்த மகள் கல்யாணத்தின்போது கொடுத்துவிட்டாள். இளையவளுக்கு நான் கட்டினேன். கொடுத்ததைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். கொடுத்த பிறகு எங்களுக்கு என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்த்தது ஜெய்த்தூன்தான்.

"மாப்புள்ள இருக்கிற வீட்டுல மாமியாக்காரி எத்தனை நாளைக்கு விருந்தாளி? ஒரு டம்ளரை எடுத்தாலும் சபீனா, எடுத்துக்கவான்னு கேக்கணும். இங்கே என் அடுப்பு, என் ரூமு. என்னைக் கேட்டுத்தான் இதுங்க தின்னுது."

"அப்ப இதுங்களையும் ஊருக்குக் கொண்டு போவோம்."

நான் சொன்ன சொல்லைக் காப்பவன். மறுநாளே கார்கோ ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவன், "ஹாஜியார், இங்கேயும் பேப்பர் வேணும், அங்கேயும் பேப்பர் வேணும், பாம்பைச் சொல்லவே சொல்லாதீங்க" என்று சிரித்தான். மற்ற ஆட்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான். ஆயிரம் தடவை ஊருக்குச் சாமான் அனுப்பிய எனக்கு ஓர் ஆமையை அனுப்ப வழியில்லை.

"யாருக்காவது குடுத்துட்டுத்தான் வரணும்" என்று வந்து சொன்னேன்.

ஜெய்த்தூன் கீரை நறுக்குவதை நிறுத்தினாள். "போறவங்கெல்லாம் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. எல்லாருமே, நல்லா பாத்துக்குங்க ஆன்ட்டின்னு அழுதுட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆள் போன் பண்ணிக் கேட்டிருக்குமா? நானும் அந்த மாதிரி அழுதுட்டுப் போகணுமா?"

5

ரோலாவில் எனக்குப் பழக்கமான டைப்பிங் சென்டர் ஒன்று இருக்கிறது. அரசாங்க விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் கடை. மலப்புரத்துக்காரன் ஷாஜிதான் அங்கே எல்லாம். என் கடை ஆட்களின் விசாவெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் போயின. அங்கே நாங்கள் மூவரும் போனோம். நான் எதற்குப் போனேன்? என் பெண்டாட்டி என் பெயரிலிருந்து பெயர்வதை என் கண்ணால் பார்க்கத்தான்.

"ஷாஜி பாய், உம்மாவை என் ஸ்பான்சர்ல போடணும்" என்றான் ரிஸ்வான்.

"போடாம். வாப்பாவுக்கும்தானே?"

"இல்ல. உம்மாவுக்கு மட்டும்."

ஷாஜி கண்ணாடியைக் கழற்றினான். "உம்மாவுக்கு மாத்ரம் போட முடியாது. மகன் போடறதுன்னா ரண்டு பேரையும் சேத்துப் போடணும். ஒருத்தர் மட்டும்னா வாப்பா மௌத்தாயி என்னு சர்ட்டிபிகேட் வேணும். அது இல்லேங்கில் தலாக் பேப்பர் வேணும்." என்னை ஒரு முறை ஏறஇறங்கப் பார்த்தான். "மௌத் சர்ட்டிபிகேட் கிட்டான் பாடாணு. இக்கா எந்தா செய்யுன்னது?" நான் செத்ததற்கான சான்றிதழ் கிடைப்பது கஷ்டம், அண்ணன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சூடானியர்கூட, மொழி புரியாமலேயே, சிரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தாயா? நான் உயிரோடு இருக்கும்வரை, இந்த நாட்டுச் சட்டமே உன்னை என்னிடமிருந்து பிரிக்காது! நானும் உன்னோடு மகனிடம் கைகட்டி நின்றால்தான் உண்டு. காசிம் எந்தக் காலத்திலும் ஒருத்தனுக்குக் கீழ் டிப்பென்டென்ட் ஆனதில்லை. பெற்ற பிள்ளையானாலும் சரி.

ஜெய்த்தூன் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப வேணாம் தம்பி. நான் இவுகளோட ஊருக்கே போறேன்."

நான் ஜெயித்துவிட்டேன்.   

6

வீட்டுக்கு வந்ததும், இவற்றை யார் எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு ரிஸ்வான் போனில் படம் போட்டான். முதலில் ஆமைக்குத்தான் ஆள் வந்தது. ஹைதராபாத் எஞ்சினியர் ஒருவனும் அவன் மனைவியும் அஸர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலம் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். புதுப் பெட்டி, புது விளக்கு எல்லாம் வாங்கிவைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

ஜெய்த்தூன் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லத் தொடங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கத்தரிக்காய் கொடுக்கக் கூடாது. வெந்தயக்கீரை என்றால் உயிர். சத்தம் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கோபம் என்று நினைக்கக் கூடாது. "போய்ச் சேந்ததும் ஒரு போன்" என்றாள், கடைசியில் தமிழில்.

இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று நினைத்தேன். லீவு முடிந்து நான் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கேட்ட குரல். தைலம் பெட்டியில் ஓரமா இருக்கு, வெறும் வயித்துல டீ குடிக்காதீங்க, போய்ச் சேந்ததும் ஒரு போன்.

சொல்லி முடித்துவிட்டு அவள் படுக்கை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் ஊரில் ஆண்கள் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், கிளம்பும்போது பெண்கள் வாசலுக்கு வரமாட்டார்கள். வாசலில் ஆம்பளைகள் கூடியிருப்பார்கள், கார் நிற்கும். சொல்ல வேண்டியதை அறைக்குள்ளேயே சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் எப்போதும் வாசல் பக்கம் நின்றவன். எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுக் காரில் ஏறியவன். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றுதான் நான் போகிறவனாக இல்லாமல் வீட்டுக்குள் இருந்தேன். ஹைதராபாத் தம்பதி ஆமையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்கள். நான் படுக்கை அறைக் கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. ஜெய்த்தூன் கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால், தரையில், முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

இடுக்கு வழியாகவே கேட்டேன். "நான் போறப்பவும் இப்படித்தான் உக்காந்திருந்தியா?"

"மொதல்ல எல்லாம் உக்காந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிப்போச்சு. கார் தெருமுனை தாண்டுனதும் எந்திரிச்சு உலை வைக்கப் போயிருவேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுவும் பழகிரும். பழகிருதே, அதுதான் எனக்குப் பிடிக்கல."

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது பொறாமைதான். நான் பழகிப்போனவன். ஆமை இன்னும் பழகிப்போகவில்லை. ஆமை போவதற்கும் சரி, நான் போவதற்கும் சரி, இனி அவளைப் பழகிப்போக விடமாட்டேன் என்று ஒரு வெறி வந்தது.

லிஃப்ட் கீழே போய்விட்டிருந்தது. படியில் இறங்கினேன். இந்த முட்டியோடு, இந்த வயதில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. பார்க்கிங்கில் அவர்கள் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"ருக்கோ பாய்! ருக்கோ! கச்சுவா மாஃபி! கலாஸ்!" நில்லுங்கள், ஆமை கிடையாது, முடிந்தது என்று பாதி இந்தியிலும் பாதி அரபியிலும் கத்தினேன்.

"கியா ஹுவா அங்கிள்?" என்ன ஆச்சு என்று பயந்துவிட்டான் எஞ்சினியர்.

என்ன சொல்வது? கடையில் சரக்கில்லாதபோது வாயில் வந்ததைச் சொல்லி ஆளை அனுப்பிய அனுபவம் கைகொடுத்தது. "யே மேரா விசா மே ஹை" என்றேன். இது என் விசாவில் இருக்கிறது, தர முடியாது.

அவன் மனைவிதான் சிரித்துவிட்டு ஆமையை என் கையில் கொடுத்தாள். நல்ல பெண். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் அவளை விட்டுப் போகாதிருக்க வேண்டும்.

லிஃப்டில் ஏறும்போது முதலாளி என் சட்டையை நனைத்துவிட்டது. மேலே போனதும் ஜெய்த்தூன் அதை என் கையிலிருந்து வாங்கி, புரட்டி, ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். "பயந்துட்டியா ராசா?"

"நானும் படியிலதான் எறங்குனேன்" என்றேன்.

"உங்களை யாரு ஓடச் சொன்னா?" அப்போதுதான் என் முட்டியைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. "வந்து அந்த லைட்டுக்குக் கீழ காலை நீட்டுங்க. சூடு நல்லது."

மறுநாள் ஷாஜியிடம் நானே போனேன். "ரெண்டு பேரையும் சேத்து அடி" என்றேன்.  அவன் சுலைமானி, பால் இல்லாத டீ, வரவழைத்துக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

7

மெடிக்கல் முடிந்தது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். இப்போது என் கஃபீல் என் மகன். காசிம் தன் மகனின் விசாவில் இருக்கிறானாம் என்று ஊரில் நாலு பேர் பேசட்டும். அந்த நாலு பேருக்கும் முதல் விசா எடுத்தவன் நான்.

மஃரிப் தொழுகை முடிந்து, பொழுது சாய்ந்த பிறகு தினமும் அந்த அறையில், சூட்டு விளக்கின் கீழ் முட்டியை நீட்டிக்கொண்டு உட்காருகிறேன். நடு வெளிச்சம் ஆமைக்கு. எனக்கு ஓரம்தான். போனை ஹாலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஜெய்த்தூன் கீரைத் தட்டோடு கதவைத் திறந்து வருவாள். அவள் வரும்போது முதலாளி தலையைத் தூக்கும். அதற்கு முன்னால் நான் தூக்கிவிட வேண்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆமைதானே, முந்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்றுவரை முடியவில்லை.